கணிப்பொறியும் காணாமற்போன வகுப்பும்

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிப் பிழையொன்றைப் பற்றிக் கட்டுரை வரைவது பொருந்துமா என வினவுவோர் இருக்கலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. அப்பிழை நேர்ந்தது தமிழ்ச் சொற்களைச் சுமந்து சென்ற ஒரு செயலியில். அதனால் முகம் வாடியவர்கள் அச்சொற்களை நமக்கு வழங்கிய பெரியவர்கள். பிழையின் காரணத்தை ஆராயப் புகுந்தபோது, சொல்லும் பொருளும் பற்றித் தமிழ் மாணவர் பயிலும் பாடமே கணிப்பொறிக்குள்ளும் நிகழக் கண்டோம். ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம். கணிப்பொறித்துறை நண்பர்கள் பொறுமையோடு விளக்கியவற்றை நமக்கு விளங்கிய தமிழில் ஈண்டுத் தருகின்றோம்.

இராமநாதபுரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பாக் நீரிணையின் கரையில் அமைந்தது தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களால் நவபாஷாணம் என்னும் பெயரில் நாடறிந்த ஊர் அது. அமாவாசை நாள்களில் நீத்தார் கடன் செய்ய வெளியூர் மக்கள் திரள்வர். மற்றை நாள்களில் கடல்தொழில் செய்வோரின் குரலே அங்கு மிகுதி. முஸ்லிம்களும் இந்துக்களும் ஒரே கடலை நம்பி வாழும் ஊராதலின், சொல்வளம் அங்கே இரு மடங்கு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயர்கள். வத்தை எனப் பாய் விரிக்கும் படகுக்குப் பெயர். வீட்டினுள் நுழைந்தால் குழம்புக்கு ஆணம் என்றும், காலை உணவு கொள்வதற்குப் பசியாறுதல் என்றும் வழக்குகள். இவற்றைத் திரட்டுவதென நம் துறை மாணவர் சிலர் முனைந்தனர். வலை பழுது பார்க்கும் நிழலிலும், பள்ளிவாசல் திண்ணையிலும், அடுப்படி வாசலிலும் அமர்ந்து எழுதி வந்தனர். சொற்களைத் தந்தவர்களுள் இருவர் இன்று நம்மோடு இல்லை. இறைவன் அவர்களுக்கு நற்பேறு அருள்வானாக.

திரட்டிய சொற்களை நோட்டுப் புத்தகத்தில் உறங்கவிடாமல், எவரும் எங்கிருந்தும் தேடிப் பார்க்கும் இணையச் செயலியாக்கித் தருவதாகக் கணிப்பொறித்துறை மாணவர்கள் முன்வந்தனர். ஜாவா மொழியில் எழுதினர். விடுதியில் அவர்தம் மடிக்கணிப்பொறியில் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. தேவிபட்டினத்துப் பெரியவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டுவதென முடிவாயிற்று.

குறித்த நாளும் வந்தது. திரையில் முகப்புப் பக்கம் அழகாகத் தோன்றியது. தலைப்பைக் கண்டு பெரியவர்கள் மகிழ்ந்தனர். நெடுங்காலம் கடலோடிய ஒருவர், தாம் சொன்ன சொல்லையே முதலில் தேடுமாறு கேட்டார். "கச்சான்" எனத் தட்டி, தேடுக என்னும் பொத்தானை மாணவர் அழுத்தினார். 500 என்னும் எண்ணும், அதன் கீழ் ஆங்கில வரிகள் ஐம்பதறுபதும் திரையை நிறைத்தன. மீண்டும் அழுத்தினார். மீண்டும் அதுவே.

"தம்பி, நான் சொன்ன சொல்லு எங்கே?" என்றார் பெரியவர்.

"எல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு மாமா" என்றார் மாணவர்.

"இருக்குங்கிறீங்க, கண்ணுல காணோமே!"

அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பெரியவர்கள் எழுந்து சென்றனர். அவர் கேட்டதே இக்கட்டுரையின் வினா. இருப்பது எவ்வாறு காணாமற்போகும்?

வகுப்பு என்பது யாது?

கல்லூரியில் வகுப்பு என்றால் மாணவர் அமரும் அறை நினைவுக்கு வரும். ஜாவா மொழியில் கிளாஸ் எனப்படுவதையும் தமிழில் வகுப்பு என்றே வழங்குகின்றனர். ஒரு பொருள் எவ்வெவற்றைத் தன்னகத்தே கொண்டிருக்கும், எவ்வெவற்றைச் செய்யவல்லது என்பவற்றை வரையறுத்துக் கூறும் எழுத்துக்கோவையே அவ்வகுப்பு. 'சொல்' என்றொரு வகுப்பு, 'தேடல்' என்றொரு வகுப்பு என்றவாறு பல வகுப்புகள் சேர்ந்தது ஒரு செயலி. மாணவர் எழுதும் செயலியில் பத்திருபது வகுப்புகள் இருப்பின், அவர் பிறரிடமிருந்து பெற்றுப் பயன்படுத்தும் நூலகங்களில் ஆயிரக்கணக்கான வகுப்புகள் இருக்கும்.

ஜாவா என்னும் பெயர் நம் கரைக்குப் புதிதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறவி எய்தும் சாவக நாடு பேசப்படுகின்றது. அச்சாவகத்தின் பெயரையே இம்மொழியும் பூண்டுள்ளது. ஆயினும் பெயர் வந்த வழி காப்பியின் வழி. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய மொழிக்கு முதலில் ஓக் மரத்தின் பெயர் இருந்தது. 1995ஆம் ஆண்டு வெளியிடுகையில் அத்தீவில் விளையும் காப்பியை எண்ணி ஜாவா எனப் பெயர் மாற்றினர். அரபு மக்கள் கஹ்வா என அழைத்து, யமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து உலகுக்கு அனுப்பிய பானம் டச்சுக்காரர் வழியே சாவகத்தில் பயிராகி, அங்கிருந்து கணிப்பொறிக்குள்ளும் புகுந்தது. இம்மொழியில் தொகுக்கப்பட்ட ஒவ்வொரு வகுப்புக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளையும் பதினாறன்மான எண்முறையில் படித்தால் 'கஃபே பேப்' என்று வரும். அம்முத்திரை இல்லாத கோப்பை ஜாவா இயந்திரம் ஏற்பதில்லை.

தேடித் தருபவர்

வகுப்புகள் கோப்புகளாக வட்டில் கிடக்கும். செயலி ஓடும்பொழுது இன்ன வகுப்பு வேண்டும் என்னும் தேவை எழுந்தவுடன், அதனைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றும் பணியாளர் ஒருவர் உளர். அவரை வகுப்பேற்றி என்போம். மாணவரை மேல்வகுப்புக்கு ஏற்றிவிடும் ஆசிரியர் என எண்ணற்க.

இவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்குமுன் எதையும் எடுத்து வாரார். சில பகுதிகளைத் தொடக்கத்திலேயே ஏற்றி வைக்கலாம் எனினும், பொதுவில் தேவை எழும் கணத்திலேதான் தேடல் தொடங்கும். ஆதலின் செயலியை வழங்கியில் ஏற்றும்போது ஒன்றும் நேராது. முகப்புப் பக்கமும் தோன்றும். முதல் வினா எழும்போதுதான் குறை வெளிப்படும். நம் அரங்கில் நிகழ்ந்தது இதுவே. முகப்பைப் பார்த்து எல்லாம் நலமென எண்ணியது நம் பிழை. முதல் நாள் மாலையே கல்லூரி வழங்கியில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்திருப்பின் பெரியவர்களைக் காக்க வைத்திருக்க மாட்டோம்.

இரண்டாவது பழக்கம் நம் வீட்டு முறையை ஒத்தது. வகுப்பேற்றிகள் தனியர் அல்லர், தலைமுறையாக அமைந்தவர்கள். இளையவரிடம் ஒன்றைக் கேட்டால் அவர் தாமே தேடப் புகாமல் முதலில் தம் மூத்தவரைக் கேட்பார். அவர் தமக்கும் மூத்தவரைக் கேட்பார். உச்சியிலுள்ள மூத்தவரிடம் இல்லையெனில், அடுத்தவர் தேடுவார். எவரிடமும் இல்லாதபோதே இளையவர் தம் பெட்டியைத் திறப்பார். சரம், எண், பட்டியல் போன்ற அடிப்படை வகுப்புகளை எவரும் போலியாகப் புகுத்திவிடாமல் காப்பதற்கு ஏற்பட்ட முறை இது. மூத்தவர் இளையவரின் பெட்டிக்குள் ஒருபோதும் பார்ப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. பல பிழைகளின் வேர் அங்கே உள்ளது.

இணையச் செயலிகளைத் தாங்கும் மென்பொருள்களுள் பலரும் அறிந்தது டாம்கேட். சன் நிறுவனத்திலிருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் ஆக்கியது. 1999இல் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. டாம்கேட் என்றால் கடுவன் பூனை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் விலங்கு என்பதால் அப்பெயரைத் தேர்ந்தனராம். இக்கடுவன் மேற்கூறிய குடும்ப முறையைச் சற்றே மாற்றி வைத்துள்ளது. ஒரே டாம்கேட்டில் பல செயலிகள் குடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகுப்பேற்றி உண்டு. ஜாவாவின் அடிப்படை வகுப்புகளுக்கு மட்டும் மூத்தவரிடம் செல்லும். ஏனையவற்றை முதலில் செயலியின் சொந்த இருப்பில் தேடும். வெப்-இன்ஃப் என்னும் அடைவின் கீழுள்ள கிளாஸஸ், லிப் என்னும் இரு அறைகளே அவ்விருப்பு. அங்கு இல்லையெனில் டாம்கேட்டின் பொது லிப் அறைக்குச் செல்லும். இதனால் பக்கத்துச் செயலி ஒரு நூலகத்தின் பழைய பதிப்பையும் நம் செயலி புதிய பதிப்பையும் பூசலின்றிப் பயன்படுத்த முடிகின்றது. ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு எனலாம்.

இவ்விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. வேண்டுகோளைப் பெற்று விடை தரும் வகுப்பைச் சர்வ்லெட் என்பர். சர்வ்லெட் எப்படி இருக்க வேண்டும் என வரையறுக்கும் வகுப்புகளைச் செயலி தன் பெட்டியில் கொண்டுவரலாகாது. அவற்றை டாம்கேட்டே தரும். நம் பகுதி விருந்துகளை எண்ணிப் பாருங்கள். விருந்துக்குச் செல்வோர் எவரும் சகனைக் கையில் எடுத்துச் செல்வதில்லை. விருந்து வீட்டில் அது உண்டு. செயலியைக் கட்டும் மேவன் என்னும் கருவியில், இன்ன நூலகம் விருந்து வீட்டிலேயே கிடைக்கும் என்பதைக் குறிக்கப் 'புரொவைடட்' என்று எழுத வேண்டும். அக்குறியைச் சர்வ்லெட் நூலகத்துக்கு எழுத மறந்தாலும் தொல்லை. விருந்து வீட்டில் இல்லாத நூலகத்துக்கு எழுதிவிட்டாலும் தொல்லை. பின்னதில் மாணவரின் கணிப்பொறியில் நூலகம் இருக்கும், வார் கோப்பில் இராது.

இரு பிழைகள், இரு பொருள்

திரையில் தோன்றிய ஐம்பதறுபது வரிகளைக் கண்டு மருண்ட மாணவர்கள் முதல் வரியை மட்டும் படித்தனர். படிக்க வேண்டுவது, 'காரணம் இதனால்' எனப் பொருள்படும் 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளை. அவற்றுள்ளும் கடைசியாக வருவதே மூல காரணத்தை உரைக்கும். நம் வழக்கில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எர்ரர்'. அதன் கீழ்க் காரணமாக நின்றது 'கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்'. இரண்டும் ஒன்றெனப் பலர் மயங்குவர். ஒன்றல்ல.

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பெயரை அழைக்கிறார், விடை இல்லை. இது 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்'. குறிப்பிட்ட பெயரைச் சொல்லித் தேடியதில் கிடைக்காமற்போனது என்பதே அதன் பொருள். மற்றையது வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்து பெயரும் பதிந்த மாணவரை நம்பி நாடகத்தில் வேடம் கொடுத்தாயிற்று. மேடையேறும் நேரத்தில் அவர் இல்லை. செயலி தொகுக்கப்பட்டபோது இருந்த வகுப்பு, அது ஓடும்போது கிடைக்கவில்லை என்பதே 'நோ கிளாஸ் டெஃப்' கூறும் செய்தி. இப்பெயரைக் கண்டவுடன் எழ வேண்டிய வினா, தொகுத்த இடத்துக்கும் ஓடும் இடத்துக்கும் என்ன வேறுபாடு என்பது.

காணாமற்போன வகுப்பின் பெயரும் அவ்வரியிலேயே இருந்தது. ஜாவாக்ஸ் புள்ளி சர்வ்லெட் எனத் தொடங்கி ஹெச்டிடிபி சர்வ்லெட் என முடிந்தது. விருந்து வீட்டுச் சகன் அது. டாம்கேட் தர வேண்டியது. அஃது ஏன் தரவில்லை?

விடை மீண்டும் சாவகத்துக்கே நம்மை இட்டுச் செல்கின்றது. சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. நிறுவனப் பணிகளுக்குரிய ஜாவா நூலகத் தொகுதியை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்போவதாக 2017இல் அது அறிவித்தது. மறு ஆண்டு அத்தொகுதிக்கு ஜகார்த்தா எனப் பெயர் சூட்டினர். ஜகார்த்தா சாவகத் தீவின் பெருநகர். தொகுதி கைமாறிற்று எனினும், ஜாவாக்ஸ் என்னும் பெயரின்கீழ்ப் புதுமாற்றங்கள் செய்வதற்கான உரிமையில் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே 2020இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அத்தொகுதி வகுப்புகளின் முன்னொட்டு ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என மாற்றப்பட்டது. டாம்கேட் 9 பழைய பெயரை அறியும். டாம்கேட் 10 புதிய பெயரையே அறியும். மாணவர் விடுதியில் இருந்தது ஒன்பது. கல்லூரி வழங்கியில் விடுமுறையின்போது பத்து நிறுவப்பட்டிருந்தது. வேலை அதுவே, வகுப்பும் ஏறத்தாழ அதுவே. பெயர் மட்டும் வேறு. குடிபெயர்ந்து பெயரும் மாற்றிக்கொண்டவரைப் பழைய பெயர் சொல்லித் தெருவில் விசாரித்தால் எவர் காட்டுவார்?

மருந்து நோயான கதை

அன்று மாலையே மாணவர்கள் ஒரு வைத்தியம் செய்தனர். ஜாவாக்ஸ் சர்வ்லெட் இல்லை என்றுதானே கூறுகிறது, இருக்கச் செய்வோம் என்று பழைய நூலகக் கோப்பைத் தேடியெடுத்துச் செயலியின் லிப் அறைக்குள் இட்டனர். வீட்டிலிருந்து சகனைத் தூக்கிச் சென்ற கதை. காணாமற்போன பிழை மறைந்தது. அதனினும் விந்தையான ஒன்று தோன்றியது. 'இவ்வகுப்பு ஒரு சர்வ்லெட் அன்று' எனக் கூறி, 'கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்' என்று காரணமும் காட்டியது டாம்கேட். சர்வ்லெட் என்றே எழுதி, சர்வ்லெட் என்றே தொகுத்த ஒன்றைச் சர்வ்லெட் அன்று எனச் சொன்னால் இளைஞர்கள் என் செய்வர்?

இங்கேதான் தமிழ் மாணவருக்குரிய பாடம் வருகின்றது. பள்ளி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். "பள்ளிக்குப் போயிருக்கிறார்" என்பதை நம் வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒருவர் சொன்னால் தொழப் போயிருக்கிறார் என்று பொருள். அடுத்த வீட்டுச் சிறுவனைப் பற்றிச் சொன்னால் படிக்கப் போயிருக்கிறான். பழந்தமிழில் சமண முனிவர் உறைந்த இடமும் பள்ளியே, துயிலும் இடமும் பள்ளியே. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. எவ்வீட்டிலிருந்து வந்த சொல் என்பதை அறிந்தாலன்றிப் பொருள் துணிய இயலாது.

ஜாவா இயந்திரமும் அவ்வாறே கொள்கின்றது. ஒரு வகுப்பின் அடையாளம் அதன் முழுப்பெயர் மட்டுமன்று. அதனை ஏற்றித் தந்த வகுப்பேற்றி எவர் என்பதும் சேர்ந்ததே அடையாளம். ஒரே பெயருடைய ஒரே கோப்பையே இரு வகுப்பேற்றிகள் தனித்தனியே ஏற்றினாலும் இயந்திரம் அவற்றை இரு வேறு வகுப்புகளாகவே கருதும். 'இன்னதை இன்னதாக மாற்ற இயலாது' என்று இரு புறமும் ஒரே பெயரை எழுதிப் பிழை காட்டுவதும் உண்டு. அதைக் கண்டு கணிப்பொறி உளறுகிறது என எண்ணியோர் பலர். உளறலன்று, நுணுக்கம். நம் வழக்கில் பெயரின் முன்னொட்டும் வேறு, வந்த வீடும் வேறு. டாம்கேட் எதிர்பார்த்தது தன் அறையிலுள்ள ஜகார்த்தா சர்வ்லெட்டை. செயலி நீட்டியதோ தன் பெட்டியிலிருந்த ஜாவாக்ஸ் சர்வ்லெட்டை.

நூலகக் கோப்பை அகற்றிவிட்டு மூலத்தைத் திருத்துவதே வழி. ஜாவா நிரலின் தலைப்பில், பிற வகுப்புகளை அழைக்கும் வரிகளை இறக்குமதி வரிகள் என்கின்றனர். துறைமுகத்தார் செலுத்தும் வரியன்று, எழுத்து வரி. அவ்வரிகளில் ஜாவாக்ஸ் சர்வ்லெட் என்றிருப்பதை ஜகார்த்தா சர்வ்லெட் என மாற்றித் தொகுக்க வேண்டும். ஆர்வ மிகுதியால் ஜாவாக்ஸ் என வரும் இடங்களையெல்லாம் மாற்றிவிடலாகாது. ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் நேமிங் போன்றவை ஜாவாவின் அடிப்படைத் தொகுதியைச் சேர்ந்தவை. அவை பழைய பெயரிலேயே நிற்கின்றன. ஒரு மாணவர் அனைத்தையும் ஒரே அழுத்தில் மாற்றி, இல்லாத வகுப்புகளைப் புதிதாகத் தேட வைத்தார். மூல நிரல் கைவசம் இல்லாதோர், டாம்கேட் 10இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்னும் அடைவுக்குள் பழைய வார் கோப்பை இட்டால், அதுவே பெயர்களை மாற்றி ஏற்றிக்கொள்ளும்.

காணவில்லை எனினும் இருந்தது

மறுநாள் பெயர் மாற்றம் முடிந்து செயலியை ஏற்றினோம். முகப்பு வந்தது. தேடினால் மீண்டும் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்'. இம்முறை 'சொற்களஞ்சியம்' என்னும் நம் சொந்த வகுப்பையே குறித்தது. வார் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் வகுப்புக் கோப்பு அதன் இடத்தில் இருக்கின்றது. எடுத்து மீண்டும் வைத்தனர். டாம்கேட்டை நிறுத்தி மீண்டும் எழுப்பினர். பகல் முழுதும் இவ்வாறே கழிந்தது.

அப்பிழையின் பக்கத்தில் இருந்த சிறு தொடரை எவரும் கருதவில்லை. 'வகுப்பைத் தொடங்கி வைக்க இயலவில்லை' என்பது அதன் பொருள். ஒரு வகுப்பை ஏற்றியபின், அதனை முதன்முறை பயன்படுத்துமுன் சில தொடக்கப் பணிகளை இயந்திரம் செய்யும். அதில் இடறினால் அப்பொழுது ஒருமுறை மட்டும் 'எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர்' என்னும் பிழையை முழுக் காரணத்தோடு எழுதும். அதன்பின் எத்தனை முறை கேட்டாலும், உள்ளதையே இல்லாததுபோல் கூறும். மருத்துவர் நோயின் தொடக்கத்தைக் கேட்பதுபோல, இப்பிழைக்குப் பதிவேட்டின் முதல் நிகழ்வைத் தேட வேண்டும். டாம்கேட்டின் லாக்ஸ் அடைவில் அன்றைய நாளிட்ட கோப்புகளை மேலிருந்து படித்தபோது காரணம் தெரிந்தது. அவ்வகுப்பு, சொற்பட்டியலை மாணவரின் மடிக்கணிப்பொறியில் டி என்னும் வட்டுப் பகுதியிலிருந்து படிக்குமாறு எழுதப்பட்டிருந்தது. கல்லூரி வழங்கியில் டி என ஒரு பகுதியே இல்லை. தேவிபட்டினத்துச் சொற்கள் யாவும் ஒரு மாணவரின் பையில்தான் இருந்தன! பட்டியலைக் கிளாஸஸ் அறைக்குள் வைத்து, வகுப்பேற்றியின் வழியாகவே அதனைப் படிக்குமாறு திருத்தினோம். வகுப்புகளை மட்டுமன்றி அவற்றோடு வைத்த கோப்புகளையும் தேடித் தருவது அவர் பணியே.

இனி நாம் நேரிற் காணாத, ஆயின் மாணவர் எதிர்கொள்ளக்கூடிய சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம். புதிய ஜாவாவில் தொகுத்த வகுப்பைப் பழைய ஜாவா ஏற்காது. கோப்பினுள் பதிப்பெண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா 8க்கு 52, ஜாவா 11க்கு 55, ஜாவா 17க்கு 61. பிழைச் செய்தியில் 61 கண்டேன், 55 வரையே அறிவேன் என்றிருந்தால் வழங்கியில் ஜாவா 11 ஓடுகின்றது என்று அறிக. எதிர்த்திசையிலும் இடர் உண்டு. 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து எக்ஸ்எம்எல் பிணைப்புக்குரிய ஜாக்ஸ்பி வகுப்புகள் நீக்கப்பட்டன. அவற்றை நம்பிய பழைய செயலிகள் புதிய வழங்கியில் வகுப்பின்றி நின்றன. தனி நூலகமாக அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் லிப் அறையில் கிடப்பது இன்னொன்று. எது முந்தும் என உறுதி கூற இயலாது. மாணவர் கணிப்பொறியில் புதியது முந்தியிருக்கும், வழங்கியில் பழையது முந்திவிடும். அப்போது வகுப்பு கிடைக்கும், ஆனால் அதனுள் எதிர்பார்த்த செயற்கூறு இராது. 'நோ சச் மெத்தட்' என்னும் பிழை அதனால் எழுவது. எந்த வகுப்பு எந்தக் கோப்பிலிருந்து ஏறியது என்பதை வரிவரியாக எழுதிக் காட்டும் 'வெர்போஸ் கிளாஸ்' என்றொரு ஆணை ஜாவாவில் உண்டு. ஐயம் தீர அதனினும் சிறந்த சான்று இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதம் தமிழுக்கு இல்லாததால் நம் மாணவர் அதனைக் கருதாமல் விடுவதுண்டு. விண்டோஸும் பெரும்பாலும் கருதாது. கல்லூரி வழங்கிகளில் உள்ள லினக்ஸ் அதனைக் கண்டிப்பாகக் கருதும்.

இத்துணைக் கெடுபிடி எதற்கு என ஒரு மாணவர் சலித்துக்கொண்டார். 2021 டிசம்பரில் உலகெங்கும் நிகழ்ந்ததை அவருக்கு நினைவூட்டினோம். லாக்ஃபோர்ஜே என்பது பதிவுக்குறிப்பு எழுத உதவும் ஒரு நூலகம். எண்ணற்ற நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தின. வெளியார் ஒருவர் குறிப்பிட்ட வடிவில் ஒரு சொற்றொடரை அனுப்பினால், அதனைப் பதியும்போது அந்நூலகம் தொலைவிலுள்ள அயல் வழங்கியிலிருந்து ஒரு வகுப்பை வரவழைத்து ஏற்ற நேரிடும் என்பது அப்போது வெளியாயிற்று. கதவைத் தட்டியவரை ஊர் பேர் கேளாது அடுக்களை வரை விட்டது போல. பொறியாளர்கள் விடுமுறையைத் துறந்து இரவு பகலாகத் திருத்தினர். எவர் தந்தது, எங்கிருந்து வந்தது என வகுப்பேற்றி கேட்பது தொல்லையாகத் தோன்றினும், அவ்வினாவே வாசற்காவல்.

மீண்டும் கச்சான்

செயலி சீரான பின் தேவிபட்டினத்துப் பெரியவருக்குச் சொல்லியனுப்பினோம். அடுத்த வெள்ளியன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து பேரனோடு வந்தார். முதல் நாள் மாலையே கல்லூரி வழங்கியில் பல சொற்களைத் தேடிப் பார்த்து உறுதி செய்திருந்தோம். இம்முறை அவரே பேரனிடம் சொல்லித் தட்டச் செய்தார். "கச்சான்." பொத்தானை அழுத்தியதும் விடை வந்தது. பேரன் உரக்கப் படித்தான். "கச்சான், பெயர்ச்சொல், நிலக்கடலை."

பெரியவர் சற்று நேரம் திரையையே பார்த்தார். "நான் காத்தைச் சொன்னேன் தம்பி, நீங்க கடலையை எழுதி வச்சிருக்கீங்க" என்றார்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். மேற்றிசையிலிருந்து வீசும் வன்காற்று என்றே அவர் சொற்படி எழுதப்பட்டிருந்தது. பட்டியலைச் செப்பனிட்ட மாணவர் ஒருவர், இலங்கைத் தமிழ்ச் சொற்கள் அடங்கிய வேறொரு பட்டியலையும் உடன் வைத்துக்கொண்டிருந்தார். அக்கரையில் நிலக்கடலைக்குக் கச்சான் என்றே பெயர். ஒரே பெயரில் இரண்டைக் கண்டவர், ஒன்று மிகை எனக் கருதி நம் கரையின் பொருளை நீக்கிவிட்டார். செயலியில் பிழையே இல்லை. அதற்குத் தரப்பட்டதை அது தேடித் தந்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வூரில் கேட்டது என எழுத ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தோம். கச்சானுக்கு இரண்டு பதிவுகள், இரண்டு கரைகள். வார் கோப்பை மறுபடியும் கட்டி ஏற்ற மாணவர்கள் அமர்ந்தனர். அவர்கள் முடிக்குமுன் பெரியவர் நோட்டுப் புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பி, அடுத்த சொல்லைப் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னார்.